பனிக்காலத்தில் எழுப்பிய கோபுரம்

பெல்ஃபோர்டு, அயோவா
ஜனவரி 12, 1879

என் அன்புள்ள தெர்சா,

எதிரிப் பாளையத்தில் குடியிருக்கும் என் மனைவி சுகமாக இருக்கிறாள் என்று சனிக்கிழமைத் தபால் சொன்னது. சந்தோஷம். உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நேரம் பார்த்தா இந்த மாவட்டத்தில் தலைநகர்ச் சண்டை மூள வேண்டும்? நீ மில்பரியில் இருப்பதை வைத்து ஊரே என்னைக் கிண்டல் செய்கிறது. நேற்று முடிவெட்டும் கடையில் ஒருவன், "என்ன தலைவரே, வீட்டம்மாவையே வேவு பாக்க அனுப்பிட்டீங்களா? இல்ல, அவங்க உங்களை வேவு பாக்குறாங்களா?" என்றான். சவரக்கத்தி கழுத்தில் இருந்ததால் நான் சிரித்து வைத்தேன்.

மார்ச் பதினொன்றாம் தேதி ஓட்டு என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கு மாவட்டத் தலைநகர் மில்பரிக்குப் போனால் இங்கே நீதிமன்றம் போகும், வக்கீல்கள் போவார்கள், விடுதி போகும், ரயில்கூட நிற்காமல் போய்விடும். நகரசபைத் தலைவனும் நான், நீதிமன்றத்தை வரைந்தவனும் நான். ஊர் முழுக்க என் முகத்தைத்தான் பார்க்கிறது. கோபுரம் இன்னும் எழாத நம் புதுக் கட்டடத்தை உங்கள் ஊர்ப் பத்திரிகை 'தலையில்லாத நீதிமன்றம்' என்று எழுதியிருப்பதை இங்கே மரத்துக்கு மரம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சபையைக் கூட்டி, வசந்தம் வரை காத்திருக்க வேண்டாம், கோபுரத்தை இப்போதே எழுப்பிவிடுவோம் என்று தீர்மானம் போட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

மணலை இரும்புத் தகட்டில் போட்டுச் சூடாக்குகிறோம். சாந்துத் தண்ணீரில் உப்புக் கலக்கிறோம். வேலை முடிந்ததும் சுவரின் மேல் வைக்கோலும் குதிரைச் சாணமும் போட்டு மூடுகிறோம். ஊரே சாரத்தின் கீழ் நின்று வேடிக்கை பார்க்கிறது.

வீட்டில் அடுப்பு புகைகிறது. சட்டைகளுக்குக் கஞ்சி போடத் தெரியாமல் ஒன்றைப் பலகையாக்கிவிட்டேன். இரவுச் சாப்பாடு அடுத்த வீட்டுக் கெதூரா மாஸ் புண்ணியத்தில் நடக்கிறது. அவளுடைய இரட்டைப் பெண்கள் தினமும் ஒரு பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாதி வழியிலேயே சிந்திவிடுகிறது. சீக்கிரம் வந்து சேர்.

உன் அன்புக் கணவன்,
ஆல்வா கிரண்டல்

*

மில்பரி
ஜனவரி 18, 1879

அன்புள்ள ஆல்வாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லையே நீங்கள்? வலது கை இன்னும் அசையவில்லை. கரண்டியால் ஊட்டுகிறேன். சுண்ணாம்புக் காளவாயில் நாற்பது வருஷம் நெருப்போடு நின்ற மனுஷனுக்கு இப்போது கம்பளி போர்த்தினாலும் குளிர்கிறது. அண்ணன் ஒசையா நாள் முழுக்க ஓட்டு, ஓட்டு என்றே அலைகிறான். "உன் புருஷன் கோபுரம் கட்டட்டும், நாங்க அதுல வைக்கோல் அடைச்சு வைக்கிறோம்" என்கிறான் என்னிடம். நான் அப்பாவின் கம்பளியைச் சரிசெய்யப் போய்விடுவேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. இந்தக் குளிரில் செங்கல் வைக்கிறீர்களா? நமக்குக் கல்யாணமான வருஷம் மெதடிஸ்ட் கோயில் வேலையை நவம்பரிலேயே நிறுத்தியவர் நீங்கள்தானே. கிறிஸ்துமஸுக்குள் கூரை வேண்டும் என்று கோயில் மூப்பரான டீக்கன் வாசலில் வந்து குதித்தபோது, "சாந்து காயணும் டீக்கன், உறையக்கூடாது. உறைஞ்ச சாந்து பனி இருக்கிற வரைக்கும் கல்லு மாதிரி நடிக்கும், வெயில் வந்தா மாவாயிடும்" என்று சொன்னீர்களே. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டோம் என்று அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இப்போது சாந்து காய்கிறதா, உறைகிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
தெர்சா

*

பெல்ஃபோர்டு
பிப்ரவரி 2, 1879

அன்புள்ள தெர்சா,

மாமாவைப் பற்றிக் கேட்காதது என் தப்புதான். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்.

மற்றதெல்லாம் நீயாக எழுதியதா, ஒசையா உன் காதில் ஓதியதா? ஊரே என் தோளைத் தட்டும்போது வீட்டிலிருந்து மட்டும் குறுக்கு விசாரணை வருகிறது. கோபுரம் முடிந்துவிட்டது, தெர்சா. தொண்ணூறு அடி! வெள்ளிக்கிழமை மணியை ஏற்றினோம். வாத்தியக்கோஷ்டி சாரத்தின் கீழ் நின்று வாசித்தது; குளிரில் எக்காளங்கள் உதட்டோடு ஒட்டிக்கொண்டதில் பாட்டு பாதியில் நின்றுபோனது. அடுத்த வருஷம் மாநிலச் சட்டசபைக்கு என்னை நிறுத்துவதாகப் பேச்சு அடிபடுகிறது.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்று பேனாவைக் கீழே வைத்தேன். முடியவில்லை. உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

உறைந்துவிட்டது. ஜனவரி மூன்றாம் வாரம் அடித்த குளிரில் உப்பும் நிற்கவில்லை, சூடும் நிற்கவில்லை. கோபுரத்தைத் தாங்கும் நான்கு தூண்களில் வடமேற்குத் தூண்தான் அந்த வாரம் எழுந்தது. நேற்று மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்ததும் ஒரு ஆணியை எடுத்து அதன் இணைப்பில் அழுத்திப் பார்த்தேன். வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே போயிற்று.

பனி மெதுவாக விட்டால் சாந்து தானாகவே இறுகிவிடும், அப்படியும் நடந்திருக்கிறது. ஓட்டு முடிந்த மறுநாளே முட்டுக் கொடுத்து, தூணைப் பிரித்து, புதிதாகக் கட்டிவிடுகிறேன். இப்போது ஒரே ஒரு முட்டுக்கட்டை தெரிந்தாலும் போதும், மில்பரி ஜெயித்துவிடும். உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வாய் திறந்துவிடாதே.

உன்
ஆல்வா

*

மில்பரி
பிப்ரவரி 7, 1879

ஆல்வா,

நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன், கதவைப் பூட்டுங்கள். காரணம் சொல்லவே வேண்டாம். வண்ணம் காயவில்லை என்று சொல்லுங்கள், சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள். கோபுரம் வெளியில் நின்று ஓட்டு வாங்கட்டும், ஒருவரும் அதன் கீழே நடக்கக்கூடாது. இங்கே மூன்று நாளாகக் கூரை ஓரத்திலிருந்து பனி சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஓட்டு முடியட்டும் என்கிறீர்கள். உங்கள் சாந்துக்கு ஓட்டு தேதி தெரியுமா?

தெர்சா

*

பெல்ஃபோர்டு
பிப்ரவரி 27, 1879

அன்புள்ள தெர்சா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தினமும் ஒரு கிராமம், தினமும் ஒரு கூட்டம். தொண்டை கட்டிவிட்டது.

கதவைப் பூட்டிப் பார்த்தேன், நம்பு. வண்ணம் காயவில்லை என்று அப்படியேதான் சொன்னேன். ஆனால் கோயில் பெண்கள் சங்கம் வந்து நிற்கிறது. மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், புதிய நீதிமன்றத்தின் கீழ்க்கூடத்தில் சிப்பி விருந்து வைக்கப் போகிறார்களாம். கிழக்குக் கடற்கரையிலிருந்து ரயிலில் பீப்பாய் பீப்பாயாகச் சிப்பிக்குச் சொல்லியாகிவிட்டது. கெதூராதான் தலைமை. "கோயில் மண்டபத்திலேயே வையுங்களேன்" என்றேன். "ஏன் தலைவரே, எங்க சூப்பு சிந்துனா உங்க பளிங்குத் தரை அழுதுடுமா?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மேல் மறுத்தால் சந்தேகம் வரும். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தூணில் ஒரு விரிசல் வந்திருந்தது, என் கட்டைவிரல் அகலம். யாரும் வருவதற்கு முன் நானே போய்ப் பூசி வெள்ளையடித்துவிட்டேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு கரணை பிடித்தேன் தெரியுமா? பார்த்தால் தெரியாது. ஒரே ஒரு சாயங்காலம்தான். ஒன்றரை மாதம் நின்ற தூண் இரண்டு மணி நேரம் நிற்காதா?

பயப்படாதே. எல்லாம் நல்லபடியாக முடியும்.

உன்
ஆல்வா

*

மில்பரி
மார்ச் 4, 1879

ஆல்வா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை உரக்கப் படித்துப் பார்த்தேன், வேறு யாரோ எழுதியது போல இருந்தது.

என்ன செய்யலாம் என்று நானும் யோசித்தேன். ஒசையாவிடம் சொன்னால் நாளைக்கே பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். பெல்ஃபோர்டில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், மில்பரிக்காரன் வயிற்றெரிச்சல் என்று வீம்புக்காகவே இன்னும் நாற்பது பேர் கூடுதலாக வருவார்கள். கெதூராவுக்கு எழுதலாம் என்றால் அவள் நேரே உங்களிடம்தான் வந்து காட்டுவாள். நீங்கள் சிரித்துவிட்டு, "அப்பாவைப் பாத்துப் பாத்து தெர்சாவுக்கு மனசு சரியில்ல" என்பீர்கள். என்பீர்களா, மாட்டீர்களா?

போன வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது கெதூரா எங்கே படுத்தாள்? என் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில். அவளுடைய பெண்கள் இருவரும் அந்தக் கூடத்தில் பரிமாறப் போகிறார்கள். ஓட்டுப் போடப் பெண்களான எங்களுக்கு உரிமை இல்லை. மேலே இடிந்து விழுவதற்கு மட்டும் எங்கள் தலை வேண்டுமா?

அதனால் நான் சனிக்கிழமை வருகிறேன். ஒசையா வண்டி பூட்டித் தருகிறான். உங்கள் விருந்தைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வந்து அந்த வடமேற்குத் தூணின் கீழேதான் உட்காருவேன். கெதூராவுக்கு அது போதுமான பத்திரமென்றால் எனக்கும் போதும்.

விருந்தை நிறுத்திவிட்டேன் என்று நீங்கள் எழுதினால் வர மாட்டேன்.

தெர்சா

*

தந்தி
பெல்ஃபோர்டு, மார்ச் 6, 1879

வராதே. சாலை முழுக்கச் சேறு. ஆற்றுப் பாலத்தில் தண்ணீர். அப்பா பக்கத்திலேயே இரு. எல்லாம் பத்திரம். வராதே.
ஆல்வா

*

பெல்ஃபோர்டு
மார்ச் 15, 1879

என் உயிரான தெர்சா,

விருந்தன்று என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறிப் போய்விட்டாய். நான் வாசலுக்கு ஓடி வந்தபோது சக்கரத் தடம்தான் இருந்தது. கோபம் தீர்ந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கூட்டத்துக்கு நடுவில் நீ நடந்து வந்து அந்தத் தூணின் கீழே, பெஞ்சியில், தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாய். கையிலிருந்த தட்டு எங்கே போயிற்று என்று தெரியாது. "வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க! பாத்திரத்தை விடுங்க, கோட்டை விடுங்க!" என்று கத்திய குரல் என்னுடையதா என்றே எனக்குச் சந்தேகம். "சூப்பு கொதிக்குதுய்யா, பாதியில விட்டுட்டு எங்க போறது?" என்று கெதூரா சண்டைக்கு வந்தாள். அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வெளியில் விட்டேன். கடைசி ஆள் வெளியேறியதும் கதவைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் என்னைப் பைத்தியக்காரன் என்றது. கோயிலில் என் பெஞ்சியில் ஒருவர்கூட உட்காரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் மழை வந்தது. மூன்று மணிக்கு வடமேற்கு மூலை அப்படியே உட்கார்ந்தது, தெர்சா. தூண் போயிற்று, கோபுரம் சரிந்தது, மணி இரண்டு மாடியையும் துளைத்துக்கொண்டு இறங்கி விருந்து மேசைகளின் மேல் விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஊரே என் வீட்டு வாசலில் வந்து நின்றது. அழுகிறார்கள், கையைப் பிடித்து முத்தம் கொடுக்கிறார்கள். "ஓட்டு போனாலும் பரவாயில்லன்னு எங்க உயிரைப் பாத்தாரே, அவருதான் மனுஷன்" என்கிறார்கள். விருந்து நடந்த மாலைதான் விரிசலைக் கவனித்தேன் என்று சபையில் சொன்னேன். பழியெல்லாம் பனியின் மேல் போயிற்று. செவ்வாய்க்கிழமை ஓட்டிலும் நாம்தான் ஜெயித்தோம்! கிராமத்துக்காரர்கள்கூட இரக்கப்பட்டுப் பெல்ஃபோர்டுக்குப் போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் ஏழாம் தேதி மறுபடியும் நகரசபைத் தலைவர் தேர்தல். என்னை எதிர்த்து நிற்க ஆளில்லை.

இதெல்லாம் உன்னால்தான். உன்னை அந்த இடத்தில் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை. நான் உன்னை எவ்வளவு நேசிக்கிறேன் என்று இனியாவது நம்புவாயா? மாமாவுக்கு ஒரு தாதியை ஏற்பாடு செய்துவிட்டு வா. உன்னை வரவேற்க வாத்தியக்கோஷ்டியோடு வருவதாகச் சொல்கிறார்கள்.

என்றும் உன்
ஆல்வா

*

மில்பரி
மார்ச் 22, 1879

ஆல்வாவுக்கு,

ஒருவருக்கும் கீறல் இல்லை என்ற செய்தி கேட்டு நான் மண்டியிட்டு அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் என்னைப் பார்த்தது நான் பெஞ்சியில் உட்கார்ந்தபோது. நான் உங்களைப் பார்த்தது அதற்கு வெகு நேரம் முன்னால். பின்கட்டு வழியாகச் சமையல் பக்கம் வந்தேன். கெதூரா என்னைக் கட்டிப்பிடித்து இடுப்பில் ஒரு ஏப்ரனைக் கட்டிவிட்டாள். திரை ஓரத்தில் நின்று உங்களைத் தேடினேன். பயந்துபோய், முகம் வெளுத்து, எதையும் விழுங்க முடியாமல் ஒரு மூலையில் நிற்பீர்கள் என்று நினைத்தேன். வழியெல்லாம் உங்களுக்காக இரக்கப்பட்டுக்கொண்டேதான் வந்தேன்.

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கையில் தட்டோடு வக்கீல்களுக்கு ஏதோ கதை சொல்லிச் சிரித்தீர்கள். இன்னும் இரண்டு பிஸ்கட் வேண்டும் என்று கேட்டு வாங்கினீர்கள். கெதூராவின் பெண்கள் அந்தத் தூணின் கீழே பெஞ்சியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடந்து போகும்போது ஒருத்தியின் தலையைக்கூடத் தடவிக் கொடுத்தீர்கள். தந்தி அனுப்பியாயிற்று, இனி தெர்சா வர மாட்டாள் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. நானே கத்தியிருக்கலாம். நீங்களாகவே சொல்லிவிடுவீர்கள், இதோ சொல்லிவிடுவீர்கள் என்று காத்து நின்றேன். அதற்கு நானும் கடவுளிடம் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அந்தப் பெண்களைத் தட்டுக் கழுவ அனுப்பிவிட்டு அவர்கள் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதினான்கு வருஷத்தில் ஒரு நாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வண்டியில் பாதி வழி வந்த பிறகுதான் புரிந்தது. கூடம் நிறையப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்காக அந்தக் கதவு திறக்கவில்லை. நான் ஒருத்தி வந்ததால் திறந்தது. இதை அன்பு என்று எடுத்துக்கொண்டு உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட என்னால் முடியாது.

நான் ஊருக்குச் சொல்லப் போவதில்லை. அது உங்கள் வேலை. ஊர் முழுக்க வேண்டாம். கெதூரா ஒருத்தியிடம் போய், பிப்ரவரியிலேயே தெரியும் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் எனக்கு எழுதுங்கள், மறுநாளே வருகிறேன். அதுவரை எழுத வேண்டாம்.

தெர்சா

*

பெல்ஃபோர்டு
ஏப்ரல் 9, 1879

அன்புள்ள தெர்சா,

எழுத வேண்டாம் என்றாய். ஆனால் நான் போனேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மறுபடியும் நகரசபைத் தலைவனாகிவிட்டேன். மறுநாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, கெதூராவின் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "கெதூரா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தும்விட்டேன். சத்தியமாக ஆரம்பித்தேன்.

அவள் சொல்ல விடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இரண்டு பெண்களையும் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினாள். "தினமும் ராத்திரி ஜெபத்துல உங்க பேரைச் சொல்லித்தான் தூங்குதுங்க. எங்கே, அய்யாவுக்குச் சொல்லிக் காட்டுங்கடி" என்றாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். என் பெயருக்குப் பிறகுதான் அவர்களுடைய அப்பா பெயர் வருகிறது, தெர்சா.

அப்புறம் கேக் வந்தது. "விஷயம் சொல்லணும்னீங்களே, என்ன?" என்று அவள் கேட்டாள். கேக் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மே மாதம் புது அடிக்கல் நாட்டுகிறோம். அது முடிந்ததும் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுவேன். நீ வா.

உனக்கென்று ஒரு துண்டு கேக் கட்டிக் கொடுத்திருக்கிறாள் கெதூரா. மேசை மேல் இருக்கிறது. தபாலில் அனுப்பவா, நீ வரும் வரை வைத்திருக்கவா என்று ஒரு வரி எழுது.

உன்
ஆல்வா